இம்முறை நாமாகப் போன முகாம்

"திரும்பவும் டென்டுக்குள்ளயா? என்ன விட்டிருங்க புள்ள."

என் அம்மா சொன்ன முதல் பதில் இதுதான். கனடாவிலிருந்து வந்திருந்த என் தங்கை, ஆகஸ்ட் விடுமுறையில் எல்லோருமாக மூன்று நாள் ஓர் ஆற்றங்கரையில் கூடாரம் அடித்துத் தங்கலாம், ரப்பர் மிதவையில் ஆற்றில் போகலாம், சின்னத் தோணி வலிக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பேச்சை முடிக்கும் முன்பே அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

வாசகியரே, உங்களில் பலருக்கு அம்மாவின் பேச்சு உடனே விளங்கியிருக்கும். 'முகாம்' என்ற சொல்லை நாம் விடுமுறையோடு சேர்த்துக் கேட்டதில்லை. அகதி முகாம், இராணுவ முகாம், நலன்புரி முகாம் இவைதான் நமக்குத் தெரிந்தவை. கூடாரமென்றால் நிவாரணத்தில் வந்த வெள்ளைத் துணிக் கூடாரம், இல்லாவிட்டால் தறப்பாள் கொட்டில். பகலில் உள்ளே இருக்க முடியாத வெக்கை, மழை இரவில் பாயின் கீழே ஓடும் தண்ணீர், பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளையின் இருமல், மலசலகூடத்துக்குப் போக விடியும்வரை காத்திருந்த இரவுகள். இதையெல்லாம் காசு கொடுத்து அனுபவிக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அம்மாவுக்கு நம்பவே முடியாத கதையாக இருந்தது.

தங்கையில் பிழை சொல்ல முடியாது. அவள் 1991இல் வாழைச்சேனையை விட்டுப் போனவள். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் 2006ஆம் ஆண்டின் வாகரை இடப்பெயர்வையும் தொலைபேசியில் கேட்டு அழுதவள். அவள் வாழும் ரொறன்ரோவிலிருந்து சில மணி நேரத்தில் அல்கொன்குவின் என்றொரு பெரிய வனப்பூங்கா இருக்கிறதாம். 1893இல் ஒதுக்கப்பட்டது. ஏரிகளும் ஆறுகளும் ஒன்றோடொன்று தொடுத்திருப்பதால் தோணிப் பாதைகள் மட்டும் 2,000 கிலோமீற்றருக்கு மேல். கோடையில் குடும்பங்கள் தோணியில் அரிசி, பருப்பு, கூடாரம் எல்லாம் ஏற்றிக்கொண்டு நாட்கணக்கில் போவார்கள். ஓர் ஏரி முடிந்தால் தோணியைத் தலையில் தூக்கிக்கொண்டு அடுத்த ஏரிக்கு நடப்பார்கள். இரவில் கரடி வராமல் சாப்பாட்டுப் பொதியைக் கயிற்றில் மரத்தில் தொங்கவிடுவார்கள். அவளுடைய பிள்ளைகள் இரண்டும் அப்படித்தான் தண்ணீரில் வளர்ந்தவர்கள்.

"அக்கா, தோணி எங்கட சாமான். எங்கட ஊர்ப் பிள்ளைகள் ஏன் பயப்படவேணும்?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. என் மகள்தான் பேசினாள். "அம்மா, நாம எப்பவாவது ஒரு இடத்துக்குச் சும்மா போயிரிக்கமா?"

யோசித்துப் பார்த்தேன். கொழும்புக்குப் போயிருக்கிறேன், கோவையும் படிவங்களும் கையில் வைத்துக்கொண்டு. கண்டிக்குப் போயிருக்கிறேன், அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்கு. மட்டக்களப்புக்குப் போனதெல்லாம் கச்சேரிக்கு, நீதிமன்றத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு. சும்மா எங்கும் போனதில்லை. சரி, போவோம் என்றேன்.

தங்கை தெரிவு செய்திருந்த இடம் கித்துல்கல. கேகாலை மாவட்டத்தில் களனி ஆற்றங்கரையில் இருக்கும் சிறிய ஊர். இலங்கையில் வெள்ளை நுரைத் தண்ணீரில் மிதவை விடும் விளையாட்டுக்குப் பேர்போன இடம் அதுதான். வான் பேசி, அதிகாலையில் வாழைச்சேனையிலிருந்து புறப்பட்டோம். புனானை, வெலிகந்த, பொலன்னறுவை, தம்புள்ள, கண்டி, நாவலப்பிட்டி, கினிகத்தேனை என்று போகும் பாதை. புனானையைக் கடந்தபோது அம்மா தன் கைப்பையைத் திறந்து அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்தார். ஒரு காலத்தில் இந்தப் பாதையில் பொதியும் பிள்ளையுமாக இறங்கி, வரிசையில் நின்று, நடந்து கடந்து, மறுபடி ஏறியவர்கள் நாம். இப்போது ஒருவரும் மறிக்கவில்லை. கைதான் பழக்கத்தை விடவில்லை.

பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். எங்கள் பக்கத்தில் கச்சான் காற்று வீசி நிலமெல்லாம் காய்ந்து கிடக்க, அங்கே மழை தூறிக்கொண்டிருந்தது. கித்துல் மரங்களும் மூங்கிலும் இறப்பரும், கீழே பாறைகளில் மோதி இரைந்துகொண்டு போகும் ஆறு. வாவியும் களப்பும் பார்த்த கண்ணுக்கு அது வேறு சாதித் தண்ணீர். எங்கள் வாவித் தண்ணீர் நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்த்துத்தான் சொல்லவேண்டும். இது சத்தம் போட்டுக்கொண்டே ஓடுகிறது.

இறங்கியதும் நான் கேட்ட முதல் கேள்வி, "மலசலகூடம் எங்கே? கதவுக்குப் பூட்டு இருக்கா? இரவில் வெளிச்சம் இருக்கா?" என்பதுதான். தங்கையின் கணவர் சிரித்தார். ஆனால் முகாமில் இருந்த பெண் எவளும் இதைத்தான் முதலில் கேட்பாள். எட்டு மாதம் கூடாரத்தில் இருந்து நான் கற்ற பாடம் இது. அங்கே மலசலகூடம் தூரத்தில், வெளிச்சமில்லாமல், கதவுக்குச் சாக்குத் துணி தொங்கவிட்டபடி இருந்தது. வயதுவந்த பெண்பிள்ளைகள் மாலையானால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக்கொண்டார்கள். கித்துல்கலவில் பூட்டும் வெளிச்சமும் இருந்தன, கைகழுவச் சவர்க்காரமும் இருந்தது. அதைப் பார்த்த பின்புதான் எனக்கு விடுமுறை தொடங்கியது.

கூடாரத்தை நாங்களே அடித்தோம். மருமகன் கம்பிகளைப் பொருத்தினான், என் மகன் ஆப்பு அடித்தான். மேட்டில் அடிக்கவேண்டும், வாசல் காற்றுக்கு எதிர்ப்பக்கம் இருக்கவேண்டும், சுற்றிவரச் சிறு வாய்க்கால் வெட்டவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தது யார் தெரியுமா? வரமாட்டேன் என்று அடுப்படிக்குள் போன என் அம்மாதான். ஆற்றங்கரை மணலில் அடிக்கலாம் என்று பிள்ளைகள் சொன்னபோது, "ஆறு இரவுல ஏறினா என்ன செய்வீங்க?" என்று தடுத்தவரும் அவர்தான். அந்த இடத்து வழிகாட்டிகளும் அதையே சொன்னார்கள். மேலே மலையில் மழை பெய்தாலோ அணையிலிருந்து நீர் திறந்தாலோ ஆறு சிறிது நேரத்திலேயே உயரும். கூடாரம் பற்றி எங்கள் குடும்பத்தில் ஆகக் கூடுதலாகத் தெரிந்தவர் அம்மா என்பதைக் கனடாப் பிள்ளைகள் அன்று கண்டுகொண்டார்கள்.

அன்றிரவு சமைத்தது ஆண்கள். இதை நான் முன்பே நிபந்தனையாகச் சொல்லியிருந்தேன். இடம் மாறி அதே அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தால் பெண்ணுக்கு அது விடுமுறையாகாது. சோறு சற்றுக் குழைந்துவிட்டது. கருவாட்டுக் குழம்பில் உப்புக் கூட. நானும் தங்கையும் அம்மாவும் கல்லில் இருந்தபடி சாப்பிட்டோம். ஒரு குறையும் சொல்லவில்லை.

அடுத்த நாள் மிதவை. அதற்கு முன் தோணிகளைப் பற்றிச் சிறிது சொல்கிறேன், கேட்கச் சுவையான செய்திகள். 'கயாக்' என்று சொல்லும் ஒடுங்கிய தோணி வடதுருவப் பனி நிலத்து இனூயிட் மக்களுடையது. மரத்தாலோ எலும்பாலோ கூடு கட்டி, மேலே சீல் என்ற கடல் விலங்கின் தோலைப் போர்த்திச் செய்வார்கள். அந்தத் தோலைத் தண்ணீர் புகாதபடி தைத்தவர்கள் பெண்கள். தையல் பிழைத்தால் வேட்டைக்குப் போனவன் திரும்பமாட்டான். அதே மக்களிடம் 'உமியாக்' என்ற பெரிய தோணியும் இருந்தது. குடும்பத்தையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு கோடைக்கால இருப்பிடத்துக்குப் போகும் அந்தத் தோணியைப் பெரும்பாலும் பெண்களே வலித்தார்கள். பெண்களின் தோணி என்றே அதற்குப் பெயர் இருந்தது. ரப்பர் மிதவையின் கதை வேறு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் இராணுவத்தில் மிஞ்சிய காற்றடைத்த ரப்பர்ப் படகுகளை அமெரிக்காவில் சனங்கள் வாங்கி ஆறுகளில் விட்டுப் பார்த்தார்கள். இந்த விளையாட்டு பெருகியதற்கு அது ஒரு முக்கிய காரணம்.

கித்துல்கலவுக்கும் போரோடு ஒரு தொடர்பு உண்டு. 1957இல் வெளிவந்து ஏழு ஒஸ்கார் விருது பெற்ற 'குவாய் ஆற்றுப் பாலம்' என்ற ஆங்கிலப் படத்தின் மரப்பாலத்தை இந்த ஆற்றின் மேல்தான் கட்டி, படத்துக்காகவே வெடிவைத்துத் தகர்த்தார்கள். படம் சொல்லும் சயாம் - பர்மா ரயில் பாதையின் உண்மைக் கதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரமாயிரமாக இறந்தார்கள். அவர்களின் மனைவிமார் தோட்டத்தில் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பைப் பற்றி நமக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

காலையில் வழிகாட்டி எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்தார். சிங்கள இளைஞர், தமிழும் ஓரளவு பேசினார். முதலில், "நீந்தத் தெரியாதவர்கள் யார்?" என்று கேட்டார். கனடாப் பிள்ளைகள் இருவரும் தங்கையின் கணவரும் கையைக் கீழே வைத்திருந்தார்கள். நானும் தங்கையும் என் மகளும் மகனும் கையை உயர்த்தினோம். கடலும் வாவியும் சூழ்ந்த வாழைச்சேனையில் பிறந்த நாங்கள் நால்வரும் நீந்தத் தெரியாதவர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு கோபமாக இருந்தது. ஊரில் பொடியன்மார் பாலத்திலிருந்து குதித்து நீந்தினார்கள். நாங்கள் இறங்கினால் அடி விழுந்தது.

அந்தக் கட்டுப்பாட்டுக்கு நம் பெண்கள் கொடுத்த விலை பெரிது. 2004 டிசம்பர் 26இல் நடந்ததை நாம் கண்ணால் கண்டோம். 2005 மார்ச்சில் ஒக்ஸ்பாம் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, அது பார்த்த இந்தோனேசிய, இந்திய, இலங்கைக் கிராமங்களில் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாக இறந்ததைக் காட்டியது. இலங்கையைப் பற்றி அது சொன்ன காரணங்களில் ஒன்று, நீந்துவதும் மரமேறுவதும் இங்கே ஆண்பிள்ளைகளுக்கே பழக்கப்படுகிறது என்பது. பிள்ளைகளைத் தேடி ஓடியதும், தூக்கிக்கொண்டு ஓடியதும், சேலையும் நீளப் பாவாடையும் காலைக் கட்டியதும் நமக்குத் தெரிந்த காரணங்கள்.

பெறாமகள் எனக்கு உயிர்காப்பு அங்கியைப் போட்டுவிட்டாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. ஒவ்வொரு பட்டியாக இழுத்து இறுக்கினாள். பிறகு என் இரு தோள்களிலும் அங்கியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தாள். "பெரியம்மா, இது காதுமட்டும் வந்தா லூசு. தண்ணியில கழண்டு போகும்" என்றாள். நான் அப்படியே நின்றேன். தொண்டை அடைத்துக்கொண்டது. ஏனென்று அவளுக்குத் தெரியாது. என் மகனுக்குத் தெரியும். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நான் வரல்ல. அம்மம்மாவோட நிக்கிறன்" என்று கரைக்குப் போய்விட்டான்.

வழிகாட்டி சொன்ன விதிகளை உங்களுக்கும் சொல்கிறேன். மிதவையின் விளிம்பில் இருந்து, காலை உள்ளே செருகிக்கொள்ளவேண்டும். துடுப்பின் நுனிப் பிடியை விடக்கூடாது, விட்டால் பக்கத்தில் இருப்பவரின் பல்லில் அடிபடும். 'முன்னே', 'பின்னே', 'நிறுத்து', 'குனி' என்ற நாலு சொல்லுக்கும் எல்லோரும் ஒன்றாகச் செய்யவேண்டும். விழுந்தால் பதறி எழுந்து நிற்கக்கூடாது. ஓடும் ஆற்றில் நிற்க முயன்றால் கால் பாறையிடுக்கில் மாட்டும், தண்ணீர் ஆளை முன்னே அமுக்கிவிடும். மல்லாந்து படுத்து, கால்விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரிய, ஓட்டம் போகும் திசைக்குக் காலை நீட்டவேண்டும். பாறை வந்தால் கால் தாங்கும், தலை தப்பும். ஆறுகளின் கடுமையை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். கித்துல்கலவில் வழமையாகப் போகும் பகுதி இரண்டும் மூன்றும். அன்று தண்ணீர் அளவாக இருந்ததால் விட்டார்கள். கூடினால் விடமாட்டார்கள்.

முதல் நுரையில் மிதவை மூக்குக் குத்தி எழும்பியபோது நான் போட்ட கூச்சல் ஹற்றன் வரைக்கும் கேட்டிருக்கும். இரண்டாவதில் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாவதில், "பெரியம்மா, வலியுங்க!" என்று பிள்ளை கத்த, வலித்தேன். அப்போது ஒன்று கண்டேன். கையில் துடுப்பு இருந்து, அதைத் தண்ணீரில் குத்தி இழுக்கும்போது பயம் பாதியாகிறது. சும்மா இருந்தால்தான் பயம் முழுதாக ஏறுகிறது. ஓட்டம் அடங்கிய ஒரு மடுவில், விரும்பியவர்கள் இறங்கி மிதக்கலாம் என்றார்கள். என் மகள் குதித்தாள். நான் வழிகாட்டியின் கையைப் பிடித்து மெல்ல இறங்கி, மல்லாந்து படுத்தேன். அங்கி தாங்கியது. காதுக்குள் தண்ணீர் போய் எல்லாச் சத்தமும் நின்றது. மேலே மரமும் வானமும் மட்டும்.

கரையேறி வந்தபோது அம்மா துவாயோடு நின்றார். மகன் தலையைக் குனிந்து, காலில் ஏறிய அட்டைக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தான்.

அன்றிரவு மழை விட்டிருந்தது. தங்கை குடும்பம் தங்கள் கூடாரத்துக்குப் போய்விட, நாங்கள் நால்வரும் ஒரே கூடாரத்தில் படுத்தோம். 2007இல் படுத்திருந்த அதே வரிசை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஓரத்தில் அம்மா, பிறகு மகள், நான், மகன். விளக்கை அணைத்து வெகுநேரம் கழிந்து மகன் கேட்டான்.

"அம்மா, அண்டைக்கு அந்தக் கானை ஏன் எனக்குக் கட்டினீங்க?"

இதை உங்களுக்கு விளக்கவேண்டும். 2006 டிசம்பரில் வாகரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஷெல்லுக்குத் தப்பிக் காட்டு வழியாகவும் கடல் வழியாகவும் வாழைச்சேனைப் பக்கம் வந்தார்கள். நான் அம்மாவோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஒரு மீன்பிடி வள்ளத்தில் இரவில் வந்தேன். என் கணவர் அப்போது எங்களோடு இல்லை. அதைப்பற்றி வேறொரு மாதம் எழுதுவேன். வாடைக்காற்று, மாரிக் கடல், வள்ளத்தில் ஏற்றக்கூடியதைவிட இரண்டு மடங்கு சனம். அங்கி என்ற ஒன்றை நாங்கள் கண்டதுமில்லை. மண்ணெண்ணெய் வைத்திருந்த வெறும் பிளாஸ்ரிக் கான் ஒன்று கிடந்தது. மூடியை இறுக்கி, என் சேலைக் கரையைக் கிழித்து, அதை மகனின் நெஞ்சோடு கட்டினேன். அவனுக்கு ஏழு வயது. மகளுக்கு இரண்டு. மகளுக்கு ஒன்றும் கட்டவில்லை.

"ஒண்டுதான்டா இரிந்திச்சு" என்றேன். "தங்கச்சிய நான் ஒரு கையால தூக்குவன். நீ பாரம். வள்ளம் கவிழ்ந்தா உன்னைத் தூக்க எனக்குச் சத்தி இல்ல. அதால உனக்குக் கட்டினன்."

அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் ஆம்பிளப் புள்ள எண்டுதான் கட்டினீங்க எண்டு நினைச்சன். தங்கச்சி செத்திருந்தா அது என்னாலதான் எண்டு நினைச்சன்" என்றான். ஏழு வயதில் நினைத்ததை மீசை முளைத்து மேசன் வேலைக்குப் போகும் வயதுவரை சுமந்திருக்கிறான். கடலைக் கண்டால் ஏன் விலகிப் போகிறான் என்று நான் கேட்டதேயில்லை. பயம் என்று நினைத்தேன். அது பயம் மட்டும் இல்லை.

தூங்கிவிட்டாள் என்று நான் நினைத்த மகள் இருட்டில் சொன்னாள்: "எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்ல அண்ணா. அம்மாட கழுத்தைப் பிடிச்சிரிந்தது மட்டும் ஞாபகம். நல்லா இரிந்திச்சு."

அம்மா என் கையைத் தேடிப் பிடித்தார். அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை. ஆறு இரைந்துகொண்டிருந்தது.

வாசகியரே, நான் இவ்வளவையும் எழுதியது இந்த இடத்துக்கு வருவதற்காகத்தான். அந்தப் பேச்சு ஏன் எங்கள் வீட்டில் இத்தனை ஆண்டுகளாக நடக்கவில்லை? வீட்டில் நேரம் இருந்ததில்லை. விடிந்தால் அடுப்பு, பிறகு வேலை, வாரத்துக்கு ஒருநாள் கடன் காசு கட்டும் கூட்டம், பிறகு படிப்புச் செலவு, கூரைத் தகடு, அம்மாவின் மருந்து. போருக்குப் பின் நமக்குத் தையல் இயந்திரம் தந்தார்கள், கோழி தந்தார்கள், ஆடு தந்தார்கள், சுயதொழில் கடன் தந்தார்கள். எல்லாம் தேவைதான். ஆனால் எந்தத் திட்டத்திலும் ஓய்வு என்றொரு வரி இருந்ததாக எனக்கு நினைவில்லை. நாமும் கேட்கவில்லை. வேலை இல்லாமல் ஒருவர் பக்கத்தில் ஒருவர் படுத்திருக்கும் இரண்டு இரவு கிடைத்தபோதுதான் என் மகனுக்கு அந்தக் கேள்வி வாயில் வந்தது.

இன்னொன்றும் யோசித்தேன். கூடாரம் அதே கூடாரந்தான். அம்மாவுக்கு முதுகு வலித்தது, நுளம்பு கடித்தது. இருந்தும் அது வேறாக இருந்ததற்குக் காரணம், நாங்கள் விரும்பிப் போனோம், எப்போது திரும்புவது என்று எங்களுக்குத் தெரியும், திரும்ப ஒரு வீடு இருந்தது. அன்று இந்த மூன்றும் நம் கையில் இருக்கவில்லை.

மூன்றாம் நாள் ஊருக்குத் திரும்பினோம். ஒருநாள் களைப்பாறிய பின் காலையில் பாசிக்குடாவுக்குப் போனோம். நமக்குப் பக்கத்தில் இருக்கும் கடல். கரையிலிருந்து வெகுதூரம் வரை ஆழமில்லாமல், பாறைத்தொடர் அலையைத் தடுப்பதால் குளம்போல் கிடக்கும். தங்கையின் கணவர் இருவர் இருக்கும் கயாக் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். மகள் ஏறினாள். மகன் ஏறவில்லை. ஆனால் அங்கியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றான். தங்கச்சியின் தோணி போய்த் திரும்பும்வரை நின்றான். அவ்வளவுதான். அது எனக்குப் போதும். அவசரமில்லை.

எங்கள் பயணச் செலவைத் தங்கை ஏற்றாள் என்பதை மறைக்கவில்லை. எல்லோருக்கும் கனடாவில் தங்கை இல்லை. ஆனால் கித்துல்கலவுக்குப் போகத்தான் வேண்டுமென்றும் இல்லை. நம் சங்கத்துப் பெண்கள் பத்துப்பேர் சேர்ந்து, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு ஒருநாள் பாசிக்குடாவுக்கோ கல்குடாவுக்கோ போகலாம். போகிறவர்கள் சிலவற்றைக் கவனியுங்கள்:

வாடை மழைக் காலமான ஒக்டோபர் முடிவிலிருந்து ஜனவரி வரை வேண்டாம். கடல் கொந்தளிக்கும், வாவியில் வெள்ளம் வரும்.

கச்சான் காற்றுப் பலமாக வீசும்போது சின்னத் தோணியில் இறங்கவேண்டாம். கரை அமைதியாகத் தெரியும், ஆனால் நம் கரையில் அந்தக் காற்று தோணியை வெளிக்கடலுக்குத் தள்ளும். காலையில் காற்று எழும்பும் முன் போய் வந்துவிடுங்கள்.

வாவியில் முதலை உண்டு. அந்த இடத்து மீனவரைக் கேட்காமல் இறங்கவேண்டாம்.

ஆளுக்கு ஓர் அங்கி இல்லாவிட்டால் தோணியில் ஏறவேண்டாம். பிள்ளைக்குப் பெரியவரின் அங்கி உதவாது, உடல் நிறைக்கு ஏற்றது வேண்டும். சின்னப் பிள்ளைக்குக் காலிடையால் போகும் பட்டி உள்ளதைக் கேளுங்கள். தோளில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள்.

சேலை, நீளப் பாவாடை வேண்டாம். சல்வாரும் ரீசேட்டும் போதும். "ஊர் என்ன சொல்லும்" என்று கேட்பவர்களுக்கு 2004ஐ ஞாபகப்படுத்துங்கள்.

உங்கள் பெண்பிள்ளைக்கு நீந்தப் பழக்குங்கள். நீரில் மூழ்குவதைத் தடுப்பதற்கென ஜூலை 25ஐ ஐக்கிய நாடுகள் சபை 2021இல் உலக நாளாக அறிவித்தது. அன்றாவது பாடசாலையிலும் சங்கத்திலும் இதைப் பேசுங்கள். பெண் ஒருவர் பழக்கினால் தாய்மார் விடுவார்கள்.

நான் இப்போது ஞாயிறு காலையில் மகளோடு பாசிக்குடாவுக்குப் போய் மிதக்கப் பழகுகிறேன். முகத்தைத் தண்ணீரில் வைக்க இன்னும் பயம். எண்ணிப் பத்து வரை வைக்கிறேன். அம்மா கரையில் துவாயோடு இருந்து எண்ணுகிறார்.

நீங்களும் சும்மா போன ஓர் இடம் இருந்தால் எழுதுங்கள். இதுவரை போனதில்லை என்றால் அதையும் எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.